நான்கு டயருக்கு இரண்டு முன்பணம்

ஜலாலுதீன் ஒரு பத்துக் காசு நாணயத்தை டயரின் காடிக்குள் நிறுத்திக் காட்டினார். நாணயம் உள்ளே இறங்கவே இல்லை.

"பாருங்கண்ணே. முன்னாடி ரெண்டும் மொட்டை. பின்னாடி ரெண்டும் இன்னும் கொஞ்ச நாள் ஓடும். ஆனா அடுத்த மாசம் இன்ஸ்பெக்‌ஷன் வருதுல்ல? நாலையும் பாத்துட்டு வண்டிய திருப்பி அனுப்பிடுவாங்க."

மருதப்பன் முழங்காலைப் பிடித்தபடி குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "நாலும் மாத்தினா எவ்வளவு வரும் பாய்?"

சின் மிங் தொழிற்பேட்டையில் ஜலாலுதீனுக்கு ஒரு சின்ன ஒர்க்‌ஷாப். ஒரு சமயத்தில் மூன்று வண்டிகளுக்குத்தான் அதில் இடம். விலை சொல்லும் நேரம் வந்தால் இப்போதெல்லாம் அவர் வாடிக்கையாளரின் முகத்தைப் பார்ப்பதில்லை. வேறு பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"டயர் ஒண்ணு நூத்து அறுபது டாலர். அப்புறம் பிரேக் பேட் தேஞ்சிருக்கு. ஆயில் மாத்தணும். பேட்டரியும் சாகப் போகுது. எல்லாம் சேத்து ஆயிரத்து இருநூறுக்குப் பக்கத்துல வரும்."

"போன தடவ இதே வேலைக்கு எழுநூறு கொடுத்தேன்."

"எனக்குத் தெரியாதாண்ணே? எனக்கு வர்ற விலையே அப்படித்தான் இருக்கு. நேத்து ஒருத்தர் வந்தாரு. விலையக் கேட்டாரு. என்னைத் திட்டிட்டு வண்டிய எடுத்துட்டுப் போயிட்டாரு. பத்து வருஷப் பழக்கம். நான் என்ன செய்ய முடியும் லா?"

மருதப்பன் மொட்டை டயரை இன்னொரு தரம் தடவிப் பார்த்தார். பிறகு, "செஞ்சுதான் ஆகணும். ரெண்டு வாரம் கொடுங்க பாய்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

உண்மையைச் சொன்னால், மருதப்பனுக்குக் கார் ஓட்டவே பிடிக்காது. அவர் பேருந்து ஓட்டுநர். இருபத்தாறு வருஷமாகத் தினமும் எட்டு மணி நேரம் ஸ்டியரிங்கைப் பிடிக்கிறவர். விடியற்காலையில் ஈசூன் டிப்போவில் வண்டியை எடுத்தால் பிற்பகல் வரை சிவப்பு விளக்கு, பச்சை விளக்கு, மணிச் சத்தம்தான். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் இன்னொரு ஸ்டியரிங்கைத் தொட யாருக்கு மனசு வரும்?

ஆனாலும் தினமும் சாயங்காலம் ஏழரை மணிக்கு அவர் காரை எடுத்துக்கொண்டு லிட்டில் இந்தியாவுக்குப் போவார். தேக்கா நிலையம் என்ற கடை வளாகத்தின் மாடியில் அவர் மனைவி தங்கத்துக்கு ஒரு தையல் கடை இருந்தது. சேலைக்கு ரவிக்கை தைப்பதுதான் முக்கிய வேலை. நான்கு வருஷத்துக்கு முன்னால் தங்கம் முதுகெலும்பில் வட்டு விலகி, ஆறு வாரம் படுத்த படுக்கையாக இருந்தாள். எழுந்து நடமாட ஆரம்பித்தபோது, நின்றுகொண்டு ரயிலில் வரக் கூடாது என்று டாக்டர் சொன்னார். பத்து வருஷம் முடிந்து கழித்துக்கட்ட இருந்த காருக்கு மருதப்பன் அந்த வாரமே இன்னும் ஐந்து வருஷத்துக்கு சிஓஇ எனும் கார் வைத்திருக்கும் உரிமத்தைப் புதுப்பித்தார். யாரிடமும் யோசனை கேட்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு நாள்கூட அவளை ரயிலில் வர விட்டதில்லை.

ஒர்க்‌ஷாப்பிலிருந்து திரும்பிய மறுநாளே அவர் டிப்போவில் மேலதிகாரியைப் பார்த்து, தன் ஓய்வு நாட்களிலும் வேலை செய்வதாகப் பெயர் கொடுத்தார். வீட்டில், "ஆள் பத்தலயாம், ரெண்டு மூணு வாரம் வரச் சொல்லியிருக்காங்க" என்றார். தங்கம் அவரை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தாள். 

அவளுக்கு விஷயம் ஏற்கெனவே தெரியும். அவள் படுக்கையில் இருந்த நாட்களில் ஒர்க்‌ஷாப்புக்கு அவள்தான் போன் செய்து நேரம் குறிப்பாள். அதனால் ஜலாலுதீனிடம் அந்தக் காரின் பெயரில் இருந்தது தங்கத்தின் எண்தான். விலைப்பட்டியல் அவளுடைய வாட்ஸ்அப்புக்குத்தான் போனது. கத்தரிக்கோலை வைத்துவிட்டு அதை இரண்டு முறை படித்தாள். 'டயர் நாலு' என்ற வரியிலேயே கண் நின்றது.

தங்கத்துக்கு அந்தக் கார் வேண்டியிருக்கவில்லை. முதுகு சரியாகி மூன்று வருஷம் ஆகிறது. ரயிலில் வந்தால் கடைப் பக்கத்துத் தோழிகளோடு சிரித்துப் பேசிக்கொண்டு வரலாம். காரில் வந்தால் மத்திய விரைவுச்சாலை நெரிசலில் நாற்பது நிமிஷம் உட்கார்ந்திருக்க வேண்டும். ஆனால் அவள் மருதப்பனைப் பார்த்திருக்கிறாள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வாளியும் துணியுமாகக் கார் நிறுத்துமிடத்துக்குப் போய், ஒரு மணி நேரம் அந்தக் காரைத் துடைப்பார். இருக்கைகளைக்கூட ஈரத் துணியால் ஒற்றி ஒற்றி எடுப்பார். வாழ்நாள் முழுக்க மற்றவர்களுக்காக வண்டி ஓட்டுகிற மனுஷனுக்குத் தனக்கென்று ஒரு வண்டி. அவருக்கு இருக்கிற ஒரே ஆசை அதுதான். அதையும் டயர் விலை வந்து பறித்துக்கொள்ள வேண்டுமா?

தீபாவளிக்கு ஆறு வாரம் இருந்தது. வழக்கமாக ஒரு நாளைக்கு எட்டு ரவிக்கைக்கு மேல் ஒப்புக்கொள்ள மாட்டாள். இந்த வருஷம் வந்தவர் யாரையும் திருப்பி அனுப்பவில்லை. காலையில் ஒரு மணி நேரம் முன்பாகவே கடையைத் திறந்தாள். மதியச் சாப்பாட்டைத் தையல் இயந்திரத்தின் மேலேயே வைத்துச் சாப்பிட்டாள். பத்தாவது நாள் இடுப்புக்கு மேலே அந்தப் பழைய வலி ஒரு சுண்டு சுண்டியது. கோடாலித் தைலத்தைத் தடவிக்கொண்டு, மேலே ஒரு துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு தைத்தாள்.

ஒரு புதன்கிழமை மதியம் கடையைப் பக்கத்துத் தையல் கடைக்காரியிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, பேருந்து ஏறி சின் மிங்குக்குப் போனாள். ஜலாலுதீன் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"வாங்கக்கா. வண்டி எங்க?"

"வண்டி வரல பாய். நான் மட்டும்தான்." தங்கம் ஓர் உறையை நீட்டினாள். "இதுல அறுநூறு இருக்கு. மிச்சத்த ரெண்டு வாரத்துல கொடுத்துடறேன். நல்ல டயரா போடுங்க. மிச்சமும் கட்டி முடிக்கிற வரைக்கும் அவர்கிட்ட நான் கொடுத்தேன்னு சொல்லாதீங்க."

"ஏன்க்கா?"

"அவரு லீவு நாள்லயும் வேலைக்குப் போறாரு. எதுக்குன்னு எனக்குத் தெரியாதா? நான் முன்னாடியே கட்டிட்டா போறத நிறுத்திடுவாருல்ல. அவருக்குன்னு இருக்கிறது அந்த ஒரு வண்டிதான் பாய். எனக்குன்னா எம்ஆர்டி ரயிலே போதும்."

ஜலாலுதீன் உறையை வாங்கி மேசை இழுப்பறையில் வைத்தார். அவருக்கு அந்தக் கணவன் மனைவியைப் பற்றி நல்ல எண்ணம் வந்தது. அன்று முழுக்க ஒரு மாதிரி சந்தோஷமாகவே இருந்தார்.

அந்தச் சந்தோஷம் வெள்ளிக்கிழமை வரைதான். அன்று பிற்பகலில் மருதப்பன் சீருடையோடு வந்தார். கண் சிவந்திருந்தது. அவரும் ஓர் உறையை எடுத்து நீட்டினார்.

"ஐந்நூறு இருக்கு பாய். அட்வான்ஸா வச்சுக்குங்க. இன்ஸ்பெக்‌ஷனுக்கு முன்னாடி மிச்சத்தக் கொடுத்துடறேன்."

ஜலாலுதீன் மேசை இழுப்பறையை ஒரு தரம் பார்த்தார். உறையை வாங்காமலே கேட்டார். "அண்ணே, நான் ஒண்ணு கேக்கலாமா? இவ்வளவு செலவு செஞ்சு இந்த வண்டிய வச்சிருக்கணுமா? உங்களுக்கு அவ்வளவு ஆசையா?"

மருதப்பன் சிரித்தார். "ஆசையா? நாள் பூரா பஸ் ஓட்டுறவனுக்குக் கார் மேல என்ன ஆசை? எல்லாம் என் வீட்டுக்காரிக்குத்தான். அவ முதுகு அப்படி. வண்டி இல்லன்னா அவ ரயில்ல நின்னுக்கிட்டே வரணும். அவ மட்டும் வேண்டாம்னு சொன்னா நான் இன்னைக்கே தள்ளிவிட்டுடுவேன்."

உறையை மேசையில் வைத்துவிட்டு அவர் போய்விட்டார். ஜலாலுதீன் இழுப்பறையைத் திறந்து, இரண்டு உறைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தார். அந்த வாரம் முழுவதும் டயர் மாற்ற வந்தவர்கள் இரண்டே பேர். கடை வாடகை போன மாதம்தான் ஏறியிருந்தது. வாயை மூடிக்கொண்டு நான்கு டயரையும் மாட்டி அனுப்பினால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை போய்ச் சனிக்கிழமை வந்தும் அவரால் அந்த இழுப்பறையைத் திறக்க முடியவில்லை. கடைசியில் போனை எடுத்து இருவரையும் தனித்தனியாக அழைத்தார். ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு வரச் சொன்னார்.

மருதப்பன் காரைக் கழுவப் போவதாகச் சொல்லிவிட்டு வந்தார். தங்கம் ஒரு வாடிக்கையாளருக்கு ரவிக்கை கொடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு வந்தாள். அவர் காரை நிறுத்திவிட்டு இறங்கவும், அவள் பேருந்து நிறுத்தத்திலிருந்து நடந்து வரவும் சரியாக இருந்தது.

"நீங்க கீழ வண்டி கழுவலயா?"

"நீ எங்க இங்க?"

ஜலாலுதீன் இரண்டு உறைகளையும் காரின் பானெட் மேல் வைத்தார்.

"இது அக்கா கொடுத்தது. இது அண்ணே கொடுத்தது. ஒரே டயருக்கு ரெண்டு பேரும் அட்வான்ஸ் கொடுத்திருக்கீங்க. நான் டயர் விக்கிறவன், இத சொல்லக் கூடாது. ஆனா அக்கா, நீங்க அண்ணனுக்காகன்னு சொன்னீங்க. அண்ணே, நீங்க அக்காவுக்காகன்னு சொன்னீங்க. ரெண்டு பேருமே வண்டி வேணாம்னுதான் சொல்றீங்க. நான் போய் டீ வாங்கிட்டு வர்றேன். நீங்க உள்ள உக்காந்து பேசுங்க."

அவர் போன பிறகு இருவரும் காருக்குள் ஏறி உட்கார்ந்தார்கள். பழக்கத்தில் மருதப்பன் சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டார். தங்கம் அதைப் பார்த்தும் சிரிக்கவில்லை.

"உங்களுக்கு இந்த வண்டி பிடிக்காதா?"

"பிடிக்காதுன்னு இல்ல. ஓட்டத்தான் பிடிக்காது."

"அப்புறம் ஏன் ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம அப்படித் தேச்சுத் தேச்சுக் கழுவினீங்க?"

மருதப்பன் அவளை ஆச்சரியமாகப் பார்த்தார். "நீதானே சொன்ன? முதுகு வலிச்சப்ப, சீட்ல தூசி இருக்கு, தும்மல் வருது, தும்மினா உயிர் போகுதுன்னு. அதுக்குத்தான் துடைக்க ஆரம்பிச்சேன்."

தங்கத்துக்கு அப்படிச் சொன்னதே நினைவில் இல்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மருதப்பனுக்கு அப்போதுதான் அந்த வாசனை தட்டியது.

"தைலம் தடவியிருக்கியா?"

அவள் இடுப்பிலிருந்த கையை எடுத்துவிட்டாள்.

"தங்கம், முதுகு மறுபடியும் வலிக்குதா? எத்தன நாளா?"

"ஒரு வாரமா. கொஞ்சந்தான்."

"எத்தன ரவிக்க தைக்கிற ஒரு நாளைக்கு?"

"பதினாலு."

மருதப்பனுக்குக் கோபம் வந்துவிட்டது. "அறிவிருக்கா உனக்கு? உன் முதுகுக்காக வச்சிருக்கிற வண்டிக்கு டயர் வாங்க, முதுக ஒடச்சுக்கிட்டியா?"

"நீங்க மட்டும் என்னவாம்? கண்ணப் பாருங்க, எப்படிச் செவந்திருக்கு! சாப்பாட்டுத் தட்டு முன்னாடி தூங்குறீங்க. பஸ் ஓட்டுறப்ப தூங்கினா?"

மருதப்பனின் கோபம் சட்டென்று இறங்கிவிட்டது. ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தூங்கிட்டேன்" என்றார் மெதுவாக. "போன செவ்வாய்க்கிழம. சிவப்பு வெளக்குல நின்னப்ப. ரெண்டு செகண்ட்தான் இருக்கும். பின்னாடி வண்டி ஹாரன் அடிச்சதும் முழிச்சேன். பஸ்ல நாப்பது பேரு தங்கம். ஸ்கூல் பிள்ளைங்க வேற.  யார்கிட்டயும் சொல்லல."

தங்கம் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.  பக்கத்துக் கடையில் யாரோ ஒரு காரின் சக்கரத்தைக் கழற்றும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"வித்துடலாங்க" என்றாள்.

"சரி."

"நாளையிலிருந்து நீங்க லீவு நாள்ல வேலைக்குப் போகக் கூடாது."

"நீ எட்டுக்கு மேல தைக்கக் கூடாது."

"வாங்கின ஆர்டர முடிக்கணும்ல?"

"பாதிய பக்கத்துக் கடைக்காரிகிட்டக் கொடு."

அவள் தலையாட்டினாள். கொஞ்சம் பொறுத்து மருதப்பன், "எனக்கு ஒண்ணு மட்டும் குறையாத் தெரியும்" என்றார்.

"என்ன?"

"வர்ற வழியில நீ பேசிக்கிட்டு வருவியே. எந்தக் கஸ்டமர் என்ன சொன்னா, யாரு அளவ மாத்திச் சொன்னான்னு. ஓட்டுறது பிடிக்காட்டியும் அது எனக்குப் பிடிக்கும்."

தங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அதுக்கு நாலு டயர் வேணுமா? நீங்க ரயில்ல வந்து என்னைக் கூட்டிட்டு வாங்க."

ஜலாலுதீன் பையில் கட்டிய மூன்று டீயோடு வந்து ஜன்னலைத் தட்டினார். இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, "போச்சு, என் வியாபாரம் போச்சு" என்று சொல்லிச் சிரித்தார்.

வீட்டில் ஒரு ஆள் மட்டும் சிரிக்கவில்லை. மகள் ரோஷினிக்கு இருபத்தைந்து வயது. போன வருஷம்தான் லைசென்ஸ் எடுத்திருந்தாள். "வாட்? என்கிட்ட யாருமே கேக்கலயே! சனிக்கிழம நான் யூஸ் பண்றேன்ல?" என்று கத்தினாள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அரை மணி நேரம் கழித்து வெளியே வந்து, "அப்பா, பஸ்ல தூங்கினது உண்மையா?" என்று கேட்டாள். அவர் ஆமாம் என்றதும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிறகு காரைப் பற்றிப் பேசவில்லை. வேண்டுமென்றால் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்துக்கொள்வதாக அம்மாவிடம் மட்டும் சொன்னாள்.

வண்டியை வாங்கிக்கொள்ளும் வியாபாரி ஒருவரை ஜலாலுதீனே ஏற்பாடு செய்துகொடுத்தார். தரகு ஒன்றும் வேண்டாம் என்றுவிட்டார். தங்கம் அவர் மனைவியின் அளவு ரவிக்கை ஒன்றை எடுத்துவரச் சொன்னாள். தீபாவளி முடிந்ததும் மூன்று ரவிக்கை தைத்துக் கொடுப்பதாகவும், காசு என்று வாயெடுத்தால் தைக்க மாட்டேன் என்றும் சொன்னாள். அவர் மறுநாளே துணியோடு வந்து நின்றார்.

சாவியைக் கொடுத்த அன்று, காக்கி புக்கிட்டில் இருந்த வியாபாரியின் கடை வரைக்கும் மருதப்பன் இடது தடத்திலேயே மெதுவாக ஓட்டிப் போனார். இறங்கும்போது தங்கம் அழுதுவிட்டாள்.

"வேண்டாம்னு சொன்னவ நீதானே?"

"வேண்டாந்தான். அதுக்காக அழக் கூடாதா?"

மருதப்பன் கைக்குட்டையைக் கொடுத்தார். தன் மூக்கையும் ஒரு தரம் உறிஞ்சிக்கொண்டார்.

தங்கத்துக்குப் பாலிகிளினிக்கில் மறுபடியும் உடற்பயிற்சிச் சிகிச்சை எழுதிக் கொடுத்தார்கள். ரயிலில் நின்று வர வேண்டாம், உட்கார இடம் கிடைக்கும் பேருந்தில் வரலாம் என்றார்கள். நேரம் கூடுதலாக ஆகும். இருவருக்கும் அதைப் பற்றிக் கவலையில்லை. சாயங்காலம் மருதப்பன் தேக்காவுக்கு வருவார். அவள் கடை மூடும் வரை எதிரே ஒரு முக்காலியில் உட்கார்ந்து, ரவிக்கைகளுக்குக் கொக்கி எண்ணிப் போட்டுக் கொடுப்பார். பிறகு சிராங்கூன் சாலைக்கு நடந்து போய், ஈசூன் போகும் இரண்டடுக்குப் பேருந்தில் ஏறுவார்கள்.

முதல் நாள் தங்கம் நேராக மாடிக்கு ஏறினாள். கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏறி, முன்வரிசைக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்தாள். மருதப்பன் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். இருபத்தாறு வருஷத்தில் அவர் அந்த இடத்தில் உட்கார்ந்ததே இல்லை. தீபாவளி அலங்கார விளக்குகள் தலைக்கு மேலேயே வருவது போல இருந்தன. பேருந்து ஒவ்வொரு நிறுத்தத்தை நெருங்கும்போதும் அவருடைய வலது கால் தானாகத் தரையை அழுத்தியது. சந்தியில் திரும்பும்போது தோளை ஒரு பக்கமாகச் சாய்த்து வலப்பக்கம் எட்டிப் பார்த்தார்.

தங்கம் அவர் தொடை மேல் கையை வைத்து அழுத்தினாள். "நீங்க ஓட்டல. சும்மா உக்காருங்க."

"சரி, சரி" என்றார். அடுத்த நிறுத்தத்திலும் கால் அழுத்தியது. ஈசூன் வருவதற்குள் அது கொஞ்சம் குறைந்திருந்தது.

இறங்கும்போது பார்த்தால் ஓட்டுநர் சுதா. அவருடைய டிப்போவில் வேலை செய்பவள்.

"மருதண்ணே! நீங்களா? மேலயா உக்காந்திருந்தீங்க?"

"ஆமாம்மா. உன் அண்ணிக்கு அங்கதான் பிடிக்குமாம்."

"எப்படி இருந்துச்சு?"

மருதப்பன் ஒரு நிமிஷம் யோசித்தார். "நீ நல்லா ஓட்டுறே" என்று சொல்லிவிட்டு, தங்கத்தின் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினார்.